தளம் போட்டாச்சு, பணம் தீரப்போகுது: ‘எக்ஸ்ட்ரா’ தாளின் ஏழு வரிகள்

வாசகி ஒருவரின் கேள்வி:

“1,200 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பொருளோடு சேர்த்து சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். போன மாதம் ரூஃப் கான்கிரீட் முடிந்தது. பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் ஒப்பந்தத் தொகையில் 78 சதவீதம் கொடுத்துவிட்டோம். அதில் 12, அவ்வப்போது ‘எக்ஸ்ட்ரா’ என்று வாங்கியது. இப்போது ஒப்பந்ததாரர் ஏழு வரியில் ஒரு கணக்குத் தாள் நீட்டுகிறார். கூடுதல் மொத்தம் 17, கொடுத்தது போக மீதி 5-ஐக் கொடுத்தால்தான் பூச்சு தொடங்குமாம். அவர் ஏமாற்றுகிறார், ஆளை மாற்றிவிடலாம் என்கிறார் என் கணவர். எப்படியாவது கடன் வாங்கி முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். வீடு என்றால் சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் சேர்ந்ததுதானே? இதற்கெல்லாம் தனியாகவா பணம் கேட்பார்கள்? இன்னும் எவ்வளவு வரும்?”

பதில்:

தாளின் படத்தையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. ‘செலவு கூடிவிட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் பொதுவாக ஆறுதல் சொல்லி முடித்திருப்பேன். நீங்கள் சொன்னது போலவே ஒப்பந்தத் தொகையை 100 என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த 17 அல்ல, 78. தரைத்தள வீட்டில் தளம் போட்டு முடிக்கும்போது, முன்னே பின்னே இருந்தாலும், மொத்த வேலையில் பாதிதான் முடிந்திருக்கும். கண்ணுக்கு வீடு எழுந்து நிற்பதால் முக்கால்வாசி ஆனதுபோல் தோன்றும். பூச்சு, தரை, கதவு ஜன்னல், வயரிங், பிளம்பிங், பெயின்ட் எல்லாம் அந்த மீதிப் பாதியில்தான் இருக்கின்றன. நீங்கள் கொடுத்த 78-ல் எக்ஸ்ட்ரா 12-ஐக் கழித்தால் ஒப்பந்த வேலைக்குக் கொடுத்தது 66. நடந்திருக்கும் வேலையோ ஏறத்தாழ 50. ஆக 16 முன்கூட்டியே போய்விட்டது. இனி 34 வாங்கிக்கொண்டு 50-க்கான வேலையைச் செய்ய வேண்டிய இடத்தில் ஒப்பந்ததாரர் நிற்கிறார். அந்தப் பணம் பெரும்பாலும் அவர் கட்டும் வேறொரு வீட்டில் கம்பியாகவோ கூலியாகவோ மாறியிருக்கும். இந்தத் தொழிலில் இது புதிதல்ல. கை வறண்ட ஒப்பந்ததாரர் முதலில் நீட்டுவது எக்ஸ்ட்ரா தாளைத்தான். அதனால் அதில் இருப்பதெல்லாம் பொய் என்று ஆகிவிடாது, ஏன் இப்போது வந்தது என்பது மட்டும் புரிகிறது.

சரி, தாளுக்கு வருவோம்.

முதல் வரி: ‘கடைக்கால் ஆழம் ஒன்றரை அடி கூடியது, 3’. நான்கடியில் நல்ல மண் கிடைக்காமல் இன்னும் தோண்டினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பூமிக்குள் என்ன இருக்கிறது என்பது தோண்டும்வரை யாருக்கும் தெரியாது, ஆகவே இந்தச் செலவை ஏற்கத்தான் வேண்டும். (மண் பரிசோதனை செய்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். அடுத்து யாராவது வீடு கட்டப் போவதாகச் சொன்னால் அதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.) செலவு நியாயம், அளவு நியாயமா என்பது வேறு கேள்வி. தாளில் ‘கான்கிரீட், கம்பி 300 கிலோ’ என்று எழுதியிருக்கிறார். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. குழி ஆழமானால் ஃபுட்டிங்கின் (பில்லருக்கு அடியில் இருக்கும் கான்கிரீட் பாதம்) நீள அகலம் மாறுவதில்லை, அதே ஃபுட்டிங் கொஞ்சம் கீழே உட்காரும், அவ்வளவுதான். கூடுவது மூன்று: தோண்டும் மண், திரும்ப நிரப்பும் மண், பில்லரின் உயரம்.

உங்கள் வரைபடத்தில் 12 பில்லர், ஒவ்வொன்றும் 9 அங்குலத்துக்கு 12 அங்குலம், 12 மி.மீ. கம்பி ஆறு. ஒன்றரை அடி நீளம் கூடினால் எல்லாப் பில்லருக்கும் சேர்த்து கான்கிரீட் 13.5 கன அடி. கம்பி 108 அடி, அதாவது 33 மீட்டர். கம்பியின் எடை பார்க்க ஒரு வழி இருக்கிறது. விட்டத்தை மி.மீ.-ல் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மி.மீ. என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க 0.89 கிலோ. 33 மீட்டருக்கு 30 கிலோகூட வரவில்லை. அந்தக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களையும் சேர்த்தால் 45 கிலோவைத் தாண்டாது. 300 எங்கிருந்து வந்தது? ஒரு நியாயமான பதில் இருக்கலாம். மண் சரியில்லை என்று பொறியாளர் ஃபுட்டிங்கின் அளவையே பெரிதாக்கச் சொல்லியிருந்தால் கம்பி அப்படிக் கூடும். அதற்குத் திருத்திய வரைபடம் இருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். குழியில் கம்பி கட்டியிருந்தபோது உங்கள் வீட்டில் யாராவது போனில் படம் எடுத்திருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

இரண்டாவது வரி: பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரையின் மட்டம், ஓரடி உயர்த்தியதற்கு 2. தெரு மட்டம் உயர்ந்துவிட்டதால் நீங்களே சொல்லிச் செய்தது. சுவர்கள் போக உள்ளே 1,000 சதுர அடி என்று வைத்தால் நிரப்ப வேண்டியது 1,000 கன அடி. ஆனால் லாரியில் வருவது தளர்ந்த மண். தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காகத் திமிசு போட்டால் அமுங்கிவிடும். 1,000 கன அடிக் குழிக்கு 1,200-லிருந்து 1,300 வரை தளர்ந்த மண் தேவைப்படும். அவர் 1,250 போட்டிருக்கிறார். சரியான கணக்கு, கொடுத்துவிடலாம். மண்ணோடு, அதைச் சுற்றி நிற்கும் அடிச்சுவரின் உயரமும் ஓரடி கூடியிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். இதே ஓரடி பின்னால் வேறு உருவத்திலும் வரும். வாசலில் இரண்டு படி கூடும். வண்டி ஏற்றச் சாய்தளம் வைத்தால் 12-க்கு 1 சரிவில் அது 12 அடி நீளும். அதற்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே அளந்து பாருங்கள்.

மூன்றும் நான்கும் சம்ப், செப்டிக் டேங்க். உங்களுக்குக் கோபம் வந்ததும் இதில்தான். வசிப்பவருக்கு வீடு என்றால் தண்ணீர் வருவதும் கழிவு போவதும் சேர்ந்ததுதான். சதுர அடி ரேட்டில் இருக்கும் வீடு வேறு. அது தளத்தின் பரப்பை அளந்து பெருக்கிய ஒரு எண், தரைக்கு அடியில் இருப்பதும் காம்பவுண்டு ஓரத்தில் இருப்பதும் அந்தப் பரப்பில் வராது. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், வாசல் தரை, மின்சார, குடிநீர், கழிவுநீர் இணைப்புகளுக்குக் கட்டும் கட்டணம் எல்லாமே பெரும்பாலான ஒப்பந்தங்களில் வெளியே நிற்பவை. உங்கள் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘தளப் பரப்புக்கு மட்டும்’ என்று ஒரு சின்ன வரி இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது அந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்க வேண்டியது அவருடைய கடமை, கேட்டிருக்க வேண்டியது உங்களுடையது. இரண்டும் நடக்கவில்லை. இரண்டு வரிக்கும் சேர்த்து 4 கேட்கிறார். தொட்டிகளின் உள்ளளவை நீங்களே டேப் வைத்து அளந்து, தாளில் இருக்கும் அளவோடு ஒத்துப்போனால் கொடுங்கள்.

ஐந்தாவது, மாடிப்படிக்கு மேல் வரும் ஹெட்ரூம், 4. அது 100 சதுர அடி என்பதால் முழு ரேட் போட்டால் 8-க்கு மேல் வரும், அவர் பாதி ரேட் போட்டிருக்கிறார். உள்ளே பாத்ரூம் இல்லை, மின் பாயிண்ட் ஒன்றிரண்டுதான் என்பதால் பாதி ரேட் நியாயம். ஆனால் ஒரு விஷயம். படிக்கட்டு திறந்தே கிடக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வருகிறது என்று கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஹெட்ரூம் இன்னும் கட்டவே இல்லை! கட்டாததற்குப் பணம் கேட்கிறார். இந்த 4-ஐ ஹெட்ரூம் தளம் போட்ட அன்று கொடுங்கள், அதுவரை இது தாளில் இருக்கக்கூடாது. ஏற்கெனவே வாங்கிய 12-ல் இதுவும் அடக்கம் என்றால் நான் மேலே சொன்ன 16 என்பது 20 ஆகிவிடும்.

ஆறாவது வரி மிகச் சின்னது, ஒன்றரைதான். ‘சமையலறை ஜன்னல் இடம் மாற்றியது, லாஃப்ட் இரண்டு’. இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த வரி உங்களுடையது, இனி வரப்போகிறவற்றில் பெரும்பகுதியும் இதன் தம்பி தங்கைகள்தான்.

நான் சொந்த வீடு கட்டியபோது, இத்தனை வருஷம் மற்றவர்கள் வீட்டுக்குக் கணக்குப் போட்டவன், பாத்ரூம் சுவரை ஓரடி தள்ளினேன். சுவர் லின்டல் மட்டம் வரை, அதாவது கதவு நிலையின் உயரத்துக்கு, எழுந்திருந்தது. ஒரு மாலை உள்ளே நின்று கையை விரித்துப் பார்த்தேன், இடுக்காக இருக்கும்போல் பட்டது. சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டு, “நாளைக்கு இந்தக் கோட்டுக்கு வந்துடட்டும்” என்று கொத்தனாரிடம் சொன்னேன். அவர் என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இடித்தார்கள். கதவு நிலையைப் பெயர்க்கும்போது ஒரு கால் பிளந்தது. தரைக்குள் போட்டிருந்த கழிவுநீர்க் குழாய் புதிய சுவருக்கு நேர் அடியில் வந்தது, அதையும் தோண்டித் திருப்ப வேண்டியதாயிற்று. இடித்த செங்கல்லில் பாதிகூடத் தேறவில்லை. கட்டின கூலி, இடித்த கூலி, மறுபடி கட்டின கூலி, இடிபாடு அள்ளின கூலி, புது நிலை என்று என் நோட்டில் அந்த ஓரடிக்கு ஒன்பது வரி இருக்கிறது. பாத்ரூமில் இப்போது நின்றால் அந்த ஓரடி எனக்குத் தெரிவதே இல்லை.

வரைபடம் முடிவதற்குள் வேலையைத் தொடங்கினால் எவ்வளவு பெரிய ஆட்களும் இதில்தான் மாட்டுகிறார்கள். சிட்னி ஆப்பரா ஹவுஸை 1959-ல் தொடங்கினார்கள். மேலே வரும் கூரைச் சிப்பிகளின் வடிவமைப்பு முடியவில்லை, ஆனாலும் அடித்தளத்தைக் கட்டிக்கொண்டே போனார்கள். கூரை முடிவானபோது கீழே நின்ற தூண்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்தது. அவற்றை வலுவாகத் திரும்பக் கட்டினார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று ஆரம்பித்தது, 1973-ல் திறக்கும்போது 10 கோடியே 20 லட்சம் ஆகியிருந்தது. உங்கள் ஜன்னல் அவ்வளவு மோசமில்லை.

இனிமேல் ஒரு மாற்றம் தோன்றினால் கொத்தனாரிடம் வாயால் சொல்லாதீர்கள். ஒப்பந்ததாரருக்குப் போனில் எழுதி அனுப்புங்கள்: இன்னது மாற வேண்டும், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் கூடும்? அவர் பதில் எழுதிய பிறகு இரண்டு நாள் பொறுங்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த இரண்டு நாளில் ஆசை தானாக அடங்கிவிட்டது. அடங்காவிட்டால் ‘சரி’ என்று பதில் போடுங்கள். பிறகு தாள் வரும்போது சண்டை இருக்காது.

ஏழாவது வரி: ‘கம்பி விலை ஏற்றம், 2.5’. பொருளோடு சேர்த்து ரேட் பேசிய ஒப்பந்தத்தில் விலை ஏறுவதும் இறங்குவதும் அவர் பொறுப்பு, ‘இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் வித்தியாசத்தை உரிமையாளர் தர வேண்டும்’ என்று தனியாக எழுதியிருந்தால் ஒழிய. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் அப்படி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. வாக்குறுதி ஏதும் வாயால் கொடுத்திருந்தாலும் முழு 2.5-ஐக் கொடுக்கத் தேவையில்லை. இப்படி வீட்டுக்குச் சதுர அடிக்கு மூன்றரை முதல் நாலு கிலோ கம்பி என்பது எங்கள் கைக்கணக்கு, உங்களுக்கு 4,200-லிருந்து 4,800 கிலோ. அவர் 4,700 கிலோவுக்கும் வித்தியாசம் போட்டிருக்கிறார். ஃபுட்டிங்குக்கும் பில்லருக்கும் வாங்கிய கம்பி விலை ஏறுவதற்கு முன் வாங்கியதுதானே? தேதி போட்ட பில்களைக் கேளுங்கள். ஏறிய பிறகு வாங்கிய எடைக்கு மட்டும் பேசலாம். தளம் முடிந்துவிட்டதால் இனி வாங்கப்போகும் கம்பி அதிகமில்லை, ஆகவே இந்த வரி மறுபடி வரக்கூடாது.

ஆக அவர் ஏமாற்றுகிறாரா? முதல் வரியிலும் ஏழாவது வரியிலும் கை தாராளமாகப் போயிருக்கிறது, ஐந்தாவதில் அவசரப்பட்டிருக்கிறார், மற்ற நான்கும் சரி. மோசக்காரர் இவ்வளவு துல்லியமாக 1,250 கன அடி என்று எழுதமாட்டார் என்பது என் அபிப்பிராயம். ஆளை மாற்ற வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். புதிதாக வருபவர் பழையவர் வேலைக்குப் பொறுப்பு ஏற்கமாட்டார், பாதியில் நிற்கும் வீட்டுக்கு ரேட்டும் கூட்டித்தான் சொல்வார். அதைவிட முக்கியம், முன்னால் போன அந்த 16-ஐத் திரும்ப வாங்க வழியிருக்காது. அவர் வேலை செய்துதான் அது தீர வேண்டும்.

அதனால் 5-ஐ இப்போது கொடுக்காதீர்கள், மறுக்கவும் செய்யாதீர்கள். ஒப்பந்ததாரருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரை வைத்து இதுவரை நடந்த வேலையை அளந்து எழுதி வாங்குங்கள். ஒருநாள் வேலைதான். அந்தத் தாளை நடுவில் வைத்து மூவரும் உட்காருங்கள். மீதி இருக்கும் 34-ஐ வேலைக்கு ஏற்பப் பிரித்து எழுதுங்கள்: உள்பூச்சு முடிந்ததும் இவ்வளவு, வெளிப்பூச்சுக்கு இவ்வளவு, டைல்ஸ் ஒட்டியதும் இவ்வளவு, சாவி கொடுக்கும்போது கடைசித் தவணை. ஒவ்வொன்றும் வேலை முடிந்த பிறகு, முன்னால் அல்ல. உண்மையிலேயே அவரிடம் பணம் இல்லை என்று தெரிந்தால் சிமென்ட், மணலை நீங்களே நேரடியாக வாங்கிக் கொடுத்து 34-ல் கழித்துக்கொள்ளலாம். கொஞ்சம் அலைச்சல், ஆனால் பணம் உங்கள் சுவரில்தான் போகும்.

அப்புறம், பூச்சு தொடங்கவில்லை என்பது உங்களுக்கு நல்ல நேரம். இந்த வாரமே இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, தூக்குக்குண்டு வைத்து எல்லாச் சுவரையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்பூச்சு 12 மி.மீ. இருக்க வேண்டியது. சுவர் சாய்ந்திருந்தால் அதை மறைக்க 20 மி.மீ. ஏற்றுவார்கள், கலவை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். அது கட்டியவர் பிழை, எக்ஸ்ட்ரா தாளில் வரக்கூடாது என்று முன்பே சொல்லி வையுங்கள். இரண்டு, சாக்பீஸோடு குடும்பம் முழுவதும் ஒவ்வொரு அறையிலும் நின்று கட்டில் எங்கே, அலமாரி எங்கே, மிக்ஸி எங்கே, துவைக்கும் மெஷின் எங்கே என்று பார்த்து ஸ்விட்ச், பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் சுவரில் குறியுங்கள். எண்ணிப் பார்த்து ஒப்பந்தத்தில் எத்தனை பாயிண்ட் என்று ஒப்பிடுங்கள். கூடினால் இப்போது கொஞ்சம் கொடுத்தால் போதும். பூச்சும் பட்டியும் முடிந்த சுவரில் காடி வெட்டிப் பாயிண்ட் வைப்பது வேறு கணக்கு, வெட்டிய தடம் பெயின்டிலும் தெரியும்.

இன்னும் எவ்வளவு வரும் என்று கேட்டீர்கள். இந்த 17-ல் 13, 14 நிற்கும் என்று நினைக்கிறேன். டைல்ஸ், குழாய், கதவு மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் ஒரு ரேட் இருக்கும், கடைக்குப் போனதும் கண் அதற்கு மேலேதான் போகும். டைல்ஸில் உடைசல், வெட்டுக் கழிவுக்கு 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக எடுக்க வேண்டும், மூலைவாட்டில் ஒட்டினால் இன்னும் அதிகம். குறைந்துபோய்த் திரும்ப வாங்கினால் அதே நிறம் கிடைக்காது, அதனால் அதை மிச்சம் பிடிக்காதீர்கள். இதெல்லாம் சேர்ந்து 4-லிருந்து 8. காம்பவுண்டு, கேட், இணைப்புக் கட்டணங்கள் ஒரு 5. ஆகமொத்தம் 122-லிருந்து 127-க்குள் முடியும் என்பது என் மதிப்பீடு. வேலை இழுக்கும் ஒவ்வொரு மாதமும் இப்போதைய வீட்டு வாடகையும் கடன் வட்டியும் சேர்ந்து போகின்றன, அதையும் உங்கள் நோட்டில் எழுதுங்கள்.

கடன் வாங்குவதென்றால் எதற்கு என்று பார்த்து வாங்குங்கள். கப்போர்டு, ஃபால்ஸ் சீலிங், முகப்பு அலங்காரம், காம்பவுண்டு கேட்டின் டிசைன் எல்லாம் குடிபோன பிறகு ஒவ்வொன்றாகச் செய்யலாம். இரண்டாவது பாத்ரூமுக்குக் குழாய்களை மட்டும் உள்ளே போட்டு அடைத்துவிட்டு, மற்றதை அடுத்த வருஷம் மாட்டலாம். மொட்டைமாடி, பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங், வயர், எர்த்திங், கழிவுநீர்க் குழாய் இவற்றில் குறைக்காதீர்கள். பின்னால் சரிசெய்ய டைல்ஸையும் பூச்சையும் உடைத்துத்தான் போக வேண்டும். பூச்சுக்கு ஒருவாரம் தண்ணீர் தெளிப்பதையும் கண்காணியுங்கள். அதற்குச் செலவே கிடையாது, ஆனாலும் அதில்தான் அதிகம் ஏமாற்றுவார்கள்.

ஃபுட்டிங் படம், திருத்திய வரைபடம், தேதியோடு கம்பி பில் இந்த மூன்றும் கையில் வந்ததும் எழுதுங்கள். முதல் வரிக்கும் ஏழாவது வரிக்கும் சரியான எண்ணை நானே போட்டு அனுப்புகிறேன்.